மலையகத் தொழிலாளரும் முரசுநோய் ஆய்வு வரலாறும்

ஹட்டன், நுவரெலியா மலைச்சாரல்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கோப்பியையும் தேயிலையையும், லயன் வாழ்வையும், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். உலகப் பல் மருத்துவ வரலாற்றில் இலங்கைத் தோட்டத் தொழிலாளர் பெற்ற இடமோ நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை. அவ்விடம் யாதென எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பல்லைத் தாங்குவன நான்கு: முரசு, தாடையெலும்பு, வேரைப் போர்த்திய சீமெந்துப் படை, இவற்றைப் பிணைக்கும் நார்கள். பல்லின்மீது படியும் பற்றீரியாப் படலமே முரசு அழற்சிக்குக் காரணம் என்பதை நோர்வே நாட்டு அறிஞர் ஹரால்ட் லோவும் அவர்தம் குழுவினரும் 1965இல் நிறுவினர். சிகிச்சை பெறாத அழற்சி ஆண்டுக்கணக்கில் எவ்வாறு முற்றும் என்ற வினா அப்போதும் எஞ்சி நின்றது. அதற்கு விடை காண, பல் மருத்துவரை அறியாத மக்கள் தேவைப்பட்டனர். 1970இல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த இளவயது ஆண் தொழிலாளர் 480 பேர் ஆய்வுக்குத் தெரிந்தெடுக்கப்பட்டனர். இல்லாமையே அவர்களது தகுதியாயிற்று.

பதினைந்து ஆண்டுகள் அவர்கள் மீண்டும் மீண்டும் பரிசோதிக்கப்பட்டனர். தோட்டங்கள் அரசுடைமையானதும், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி பல்லாயிரவர் இந்தியா சென்றதும் இக்காலத்திலேயே. 1985இல் எஞ்சியோர் 161 பேர். 1986இல் வெளியான முடிவு உலகின் கவனத்தை ஈர்த்தது. எல்லோரிடமும் பற்படலமும் அழற்சியும் காணப்பட்டன. எனினும் 8 வீதத்தினரிடம் நோய் விரைந்து முற்றியது. 81 வீதத்தினரிடம் மிதமாக முற்றியது. 11 வீதத்தினரிடம் அழற்சிக்கு அப்பாற் செல்லவில்லை. விரைவுப் பிரிவினர் 45 வயதளவில் பற்கள் அனைத்தையும் இழந்தனர். பற்படலம் மட்டுமன்றி, உடலின் எதிர்வினையும் நோயின் போக்கைத் தீர்மானிக்கிறது என்ற சிந்தனைக்கு இம்முடிவு வலுவூட்டியது.

இழந்த தாங்கிழையத்தை மீள வளர்க்கும் முயற்சியும் இதே காலத்தில் முளைவிட்டது. சத்திரசிகிச்சைக்குப்பின் முரசின் மேலணிக் கலங்கள் வேர்வழியே விரைந்திறங்கி, நார்களை ஆக்கும் கலங்களுக்கு இடமின்றிச் செய்துவிடும். வேரை முதலிற் சென்றடையும் கலமே குணமாதலின் தன்மையைத் தீர்மானிக்கும் என மெல்ச்சர் 1976இல் கருதினார். 1982இல் நைமனும் அவருடைய குழுவினரும் மனிதப் பல்லொன்றில் தடுப்புச் சவ்வு வைத்துப் புதிய இணைப்பு உருவாவதைக் காட்டினர். பல்லைப் பிணைக்கும் நார்ப்பகுதியிலேயே குருத்துக்கலங்கள் உள்ளமை 2004இல் அறிவிக்கப்பட்டது. கலம், அதனைத் தாங்கும் சட்டகம், வளர்ச்சியைத் தூண்டும் புரதம் ஆகிய மூன்றையும் இணைப்பதே இன்றைய இழையப் பொறியியலின் வழி.

2010இல் ஆய்வாளர் மீண்டும் வந்தபோது, பழைய 480 பேருள் 75 பேரையே பரிசோதிக்க முடிந்தது. அவர்தம் வாய்கள் தந்த அளவீடுகள் உலகெங்கும் பாடநூல்களில் இடம்பெற்றுள்ளன. புதிய சிகிச்சையோ பெரும் பொருட்செலவுடையது. பற்படலத்தை அகற்றாதவிடத்து அதுவும் நிலைக்காது. ஆதலால் அக்கடனைத் தீர்க்கும் முதற்படி எளியது: தோட்டந்தோறும் தூரிகையும், பற்பசையும், ஒழுங்காக வந்துபோகும் பல் மருத்துவரும். அறிவைத் தந்தோர்க்கு அதன் பயன் கடைசியாகச் சென்றடைதல் அறமாகாது.