கடவுளர் இல்லாப் போர்: இலியட் காப்பியமும் ‘டிராய்’ (2004) திரைப்படமும்

ஆய்வுச் சுருக்கம்

வூல்ஃப்காங் பீட்டர்சன் இயக்கத்தில் 2004ஆம் ஆண்டு வெளிவந்த ‘டிராய்’ திரைப்படம், ஹோமரின் இலியட் காப்பியத்தை அடியொற்றியது. காப்பியத்தில் போரின் போக்கைத் திருப்பும் கடவுளர் இப்படத்தில் செயற்படுவதில்லை. கடவுளர் நீங்கினால் மனிதரின் பொறுப்பு கூடும் என எதிர்பார்க்கலாம். ஆனால் படத்தில் அக்கிலீஸ், ஹெக்டர் ஆகிய இருவரின் பிழைகளும் குறைக்கப்படுகின்றன. அல்லது பிறர்மேல் ஏற்றப்படுகின்றன. இம்மாற்றத்தைக் காட்சி ஒப்பீட்டின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இலியட், ஹோமர், டிராய், காப்பியத் தழுவல், இரட்டைக் காரணம், பொறுப்பு.

முன்னுரை

கிரேக்கக் காப்பியத்தைப் பாடமாகக் கொண்ட வகுப்பறைகளில் மாணவர் பலர் இலியட்டைப் படிக்கும் முன்பே ‘டிராய்’ படத்தைப் பார்த்துவிடுகின்றனர். மெனலாஸ் டிராய்க் களத்திலேயே மடிந்தான் என்றும், அகமெம்னானைக் கொன்றவள் பிரைசீஸ் என்றும் அவர்கள் கருதுவதற்கு இப்படமே காரணம். காப்பிய மரபில் மெனலாஸ் ஹெலனோடு ஸ்பார்ட்டாவுக்குத் திரும்புகிறான். ஒடிசியின் நான்காம் காண்டத்தில் இருவரும் விருந்தோம்பும் கணவன் மனைவியாகக் காட்சி தருகின்றனர். அகமெம்னானோ நாடு திரும்பிய பின் தன் இல்லத்தாரின் சூழ்ச்சியால் இறக்கிறான்.

இத்தகைய மாற்றங்களைப் பட்டியலிட்டுப் படத்தைக் குறைகூறுவது எளிது. ஆனால் மாற்றம் என்பதே குறையாகிவிடாது. ஹோமரும் தமக்கு முன் வாய்மொழியாக வழங்கிய கதைகளிலிருந்தே தம் காப்பியத்தை உருவாக்கினார் என்பதை மில்மன் பாரி முதலானோரின் ஆய்வுகள் தெளிவுறுத்தின. அவ்வாய்மொழிக் கோட்பாட்டைச் சங்கப் பாடல்களுக்குப் பொருத்திப் பார்த்த க. கைலாசபதியின் ஆய்வின் (1968) வழித் தமிழ் ஆய்வாளர்களும் இதனை நன்கறிவர். எனவே ‘எது மாறியது’ என்பதைவிட, ‘அம்மாற்றத்தால் கதையின் பொருள் என்னவாயிற்று’ என்ற வினாவே இங்கு முதன்மையானது.

கடவுளரை நீக்கும் மரபு

கடவுளரை விலக்கி டிராய்ப் போரைச் சொல்வது ஹாலிவுட் கண்டுபிடித்த வழியன்று. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலேயே ஹெரோடோட்டஸ், ஹெலன் டிராயில் இருந்ததே இல்லை, எகிப்தில்தான் இருந்தாள் என்ற கதையை ஏற்றார். அவள் டிராயில் இருந்திருந்தால் பிரியாம் அவளைத் திருப்பிக் கொடுத்திருப்பான் என்பது அவர் காட்டிய காரணம். துசிடிடிஸ், அகமெம்னான் படைதிரட்ட முடிந்ததற்கு அவனுடைய ஆற்றலும் கடற்படை வலிமையுமே காரணம் என்றார். போர் நீண்டதற்குப் பொருள் வளக்குறைவைக் காரணமாகக் காட்டினார். பீட்டர்சனின் படத்தில் ஹெலனைச் சாக்காகக் கொண்டு பேரரசை விரிவாக்க முனையும் அகமெம்னான், ஹோமரைக் காட்டிலும் துசிடிடிசுக்கு நெருக்கமானவன்.

பிற்காலத்தில் டிக்டிஸ், டாரிஸ் என்னும் பெயர்களில் லத்தீன் உரைநடை நூல்கள் இரண்டு வழங்கின. போரை நேரில் கண்டோர் எழுதியவை என அவை தம்மைக் கூறிக்கொண்டன. களத்தில் இறங்கிப் போரிடும் ஹோமரின் கடவுளருக்கு அவற்றில் இடமில்லை. கிரேக்கமொழி அறிவு அருகிய மேற்கு ஐரோப்பாவில், இடைக்காலம் முழுவதும் ஹோமரைவிட இவ்விரு நூல்களே வரலாறாக மதிக்கப்பட்டன. பிரெஞ்சுக் கவிஞர் பெனுவா த சேன்ட்-மோர் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய டிராய்க் காவியம் இவற்றையே மூலமாகக் கொண்டது. ஆகவே ‘டிராய்’ படம் இலியட் மரபின் சிதைவு அன்று; இலியட்டுக்கு இணையாக ஓடிய பழைய பகுத்தறிவு மரபு ஒன்றின் தொடர்ச்சி எனக் கொள்வதே பொருத்தமாகும்.

படத்தின் கால அமைப்பும் இதற்கு அரண் செய்கிறது. இலியட் பத்தாண்டுப் போரின் சில வாரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஹெக்டரின் ஈமச்சடங்கோடு முடிகிறது. முழுப்போரையும் பாட முயலாமல் ஒரு பகுதியைத் தேர்ந்ததே ஹோமரின் சிறப்பு என்று அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில் பாராட்டினார். படமோ ஹெலனின் வெளியேற்றம் முதல் மரக்குதிரை, நகரழிவு வரை அனைத்தையும் மூன்று மணிநேரத்திற்குள் அடக்குகிறது.

இரட்டைக் காரணம்

ஹோமரின் உலகில் ஒரு செயலுக்குக் கடவுளும் மனிதனும் ஒருசேரக் காரணமாவர். ஒருவரின் பங்கு மற்றவரின் பங்கைக் குறைப்பதில்லை. ஆல்பின் லெஸ்கி 1961இல் இதனை விரிவாக விளக்கினார். அவருக்கு முன்னரே இ. ஆர். டாட்ஸ் தம் ‘கிரேக்கரும் பகுத்தறிவுக்கு அப்பாற்பட்டதும்’ (1951) என்னும் நூலின் முதல் இயலில் அகமெம்னானின் தன்விளக்கத்தை எடுத்து ஆராய்ந்தார். பத்தொன்பதாம் காண்டத்தில் அகமெம்னான், தன் அறிவை மயக்கியவர் ஜீயஸும் ஊழும் எரினிஸும் என்கிறான். ஆயினும் அவ்வாறு கூறிய பின் இழப்பீட்டை மறுப்பதில்லை. முழுமையாகத் தர முன்வருகிறான். கடவுள்மேல் காரணத்தை வைப்பது இங்குத் தப்பிக்கும் வழியாக அமையவில்லை.

இந்த இரட்டைக் காரணத்தில் ஒன்றை நீக்கினால், எஞ்சிய மனிதக் காரணம் முழுச்சுமையையும் ஏற்கவேண்டும். படம் அச்சுமையை யார் தோளில் வைக்கிறது என்பதைக் கீழ்வரும் காட்சிகள் காட்டும்.

பறவைச் சகுனம்

இலியட்டின் பன்னிரண்டாம் காண்டத்தில் டிராய்ப் படை கிரேக்கரின் கப்பல்களை நோக்கிப் பாயும் வேளையில், பாம்பைக் கவ்விப் பறந்த கழுகு ஒன்று பாம்பு தீண்டியதால் அதனைப் படையின் நடுவே நழுவவிடுகிறது. தாக்குதல் கேடாக முடியும் என்பதே இதன் பொருள் எனப் பொலிடாமஸ் எச்சரிக்கிறான். ஹெக்டர் அதனை ஏற்க மறுத்து, நாட்டைக் காப்பதே தலைசிறந்த சகுனம் என்கிறான். பதினெட்டாம் காண்டத்தில், நகருக்குள் திரும்பலாம் என்ற பொலிடாமஸின் அறிவுரையையும் அவன் தள்ளுகிறான். இருபத்திரண்டாம் காண்டத்தில் மதிலுக்கு வெளியே அக்கிலீஸுக்காகக் காத்து நிற்கும்போது, தன் மடமையால் மக்களை அழித்துவிட்டதாகத் தனக்குத்தானே ஒப்புக்கொள்கிறான். உள்ளே செல்ல அவனைத் தடுப்பது இந்த வெட்கமே.

படமும் இதே கழுகையும் பாம்பையும் எடுத்தாள்கிறது. ஆனால் பொருள் தலைகீழாகிறது. அரசவையில் பூசாரி, பாம்பைப் பற்றிப் பறந்த கழுகை உழவர் கண்டனர் என்றும், அது அப்போலோ தரும் வெற்றிக்குறி என்றும் கூறுகிறான். பறவைகளை நம்பிப் போர் வகுப்பதா என ஹெக்டர் எள்ளுகிறான். பின்னர்க் கப்பல்களைத் தாக்கும் திட்டத்தையும் அவன் எதிர்க்கிறான். பிரியாமின் சமயப்பற்றே தாக்குதலுக்கு ஆணையிடுகிறது. காப்பியத்தில் சகுனத்தைப் புறக்கணித்தது பிழை. படத்தில் சகுனத்தை நம்பியதே பிழை. இரண்டிலும் ஹெக்டரின் நிலைப்பாடு ஒன்றே. காப்பியம் அதற்காக அவனைக் குற்றவாளியாக்குகிறது. படம் அதனாலேயே அவனை அறிவாளியாக்குகிறது. மக்களை அழித்த மடமையை ஒப்புக்கொள்ளும் ஹெக்டருக்குப் படத்தில் இடமில்லை.

அவனுடைய அச்சமும் நீங்குகிறது. காப்பியத்தில் அக்கிலீஸைக் கண்டதும் அவன் மதிலைச் சுற்றி மூன்றுமுறை ஓடுகிறான். அதீனா அவன் தம்பி உருவில் வந்து ஏமாற்றிய பின்னரே நின்று போரிடுகிறான். படத்தில் தன் பெயர் அழைக்கப்பட்டதும் விடைபெற்று வெளியேறி, ஓடாமல் எதிர்கொள்கிறான்.

இப்போக்குக்கு ஒரு விலக்கும் உண்டு. மூன்றாம் காண்டத்தில் மெனலாஸிடம் தோற்கும் பாரிஸை அஃப்ரோடைட்டி மேகத்தால் மறைத்து எடுத்துச் செல்கிறாள். தேவி இல்லாத படத்தில் பாரிஸ் தவழ்ந்துவந்து தமையனின் காலைப் பற்றுகிறான். ஹெக்டர் மெனலாஸைக் கொல்கிறான். இருவர் போர் என்னும் உடன்பாட்டை மீறியவன் ஹெக்டரே. ஆனால் படம் இதனைப் பாசத்தின் செயலாகவே காட்டுகிறது. இக்கொலைக்கு ஹெக்டர் வருந்தும் காட்சி ஏதும் முதன்மை பெறவில்லை.

பட்ரோக்ளஸின் கவசம்

பதினாறாம் காண்டத்தில் அக்கிலீஸ் தன் கவசத்தைத் தானே பட்ரோக்ளஸுக்கு அணியக் கொடுத்துப் போருக்கு அனுப்புகிறான். பட்ரோக்ளஸின் சாவில் அப்போலோவின் அடி, யூஃபோர்பஸின் ஈட்டி, ஹெக்டரின் இறுதிக் குத்து ஆகிய மூன்றும் சேர்கின்றன. இத்தனை கைகள் இருந்தும் அக்கிலீஸ் தன்னையே நொந்துகொள்கிறான். பதினெட்டாம் காண்டத்தில் தாய் தெட்டிஸிடம் பேசும்போது, தோழனைக் காக்காமல் கப்பலருகே வீணே அமர்ந்திருந்த தன்னை மண்ணுக்குச் சுமை என்கிறான்.

படத்தில் பட்ரோக்ளஸ் அக்கிலீஸின் உறவினனான இளைஞன். அக்கிலீஸ் அறியாமல் அவன் கவசத்தை அணிந்து களம் புகுகிறான். ஹெக்டரும் அவனை அக்கிலீஸ் எனத் தவறாகக் கருதியே வீழ்த்துகிறான். தலைக்கவசத்தை அகற்றியதும் வருந்துகிறான். கொன்றவனுக்கும் அனுப்பியவனுக்கும் இங்குக் குற்றமில்லை. இளமையின் துடிப்பும் தற்செயலும் மட்டுமே காரணம். காப்பியத்தில் அக்கிலீஸின் சினம் பெரும்பங்கு தன்மேல் கொண்ட சினம். படத்தில் அது பழிவாங்கும் சினமாகச் சுருங்குகிறது. பட்ரோக்ளஸின் சிதையில் பன்னிரு டிராய் இளைஞரை அவன் வெட்டிப் பலியிடுவதையும் படம் விட்டுவிடுகிறது.

பிரியாமின் வருகை

மகனின் உடலைக் கேட்டுப் பிரியாம் பகைவனின் பாசறைக்கு வரும் காட்சி, படத்தின் மிகச்சிறந்த பகுதி எனலாம். பீட்டர் ஓ’டூலின் தளர்ந்த குரலும் நடையும் முதிய அரசனின் மானத்தையும் துயரையும் ஒருங்கே உணர்த்துகின்றன. காப்பியத்தில் ஹெர்மஸ் அவனுக்கு வழிகாட்டுகிறான். படத்திலோ தன் நாட்டின் வழிகளை அறிந்தவன் என்பதாலேயே வந்துசேர்கிறான். மகனைக் கொன்ற கைகளை முத்தமிடும் செயல் இரண்டிலும் உண்டு. கடவுளர் நீங்கியதால் இக்காட்சி வலுவிழக்கவில்லை. ஒருவகையில் பிரியாமின் துணிவு கூடுகிறது.

இழப்பு வேறிடத்தில் நிகழ்கிறது. படத்தில் பிரியாம், அக்கிலீஸின் தந்தை முன்னரே இறந்துவிட்டதாகவும், மகனின் சாவைக் காணாத நற்பேறு பெற்றவர் என்றும் கூறுகிறான். இலியட்டின் இருபத்து நான்காம் காண்டத்தில் அக்கிலீஸின் தந்தை பீலியஸ் உயிரோடிருக்கிறான். துணையற்ற முதுமையில், திரும்பிவரப்போகாத மகனுக்காகக் காத்திருக்கிறான். அத்தந்தையை நினைவூட்டியே பிரியாம் மன்றாடுகிறான். அதனால்தான் இருவரும் சேர்ந்து அழ முடிகிறது: ஒருவன் ஹெக்டருக்காக; மற்றவன் தன் தந்தைக்காகவும் பட்ரோக்ளஸுக்காகவும்.

அதன்பின் அக்கிலீஸ், நன்மையும் தீமையும் நிறைந்த ஜீயஸின் சாடிகளைப் பற்றிப் பேசுகிறான். தொடர்ந்து அவன் சொல்வது முதன்மையானது. முதிய தந்தையைப் பேணாமல், தாய்நாட்டுக்கு வெகுதொலைவில் டிராயில் அமர்ந்து, பிரியாமுக்கும் அவன் பிள்ளைகளுக்கும் துயர் செய்துகொண்டிருப்பதாகத் தன்னைப் பற்றியே கூறுகிறான். ஊழைப் பேசும் அதே வாயால் தன் செயலையும் அறிந்து சொல்லும் இவ்விடம், இரட்டைக் காரணத்தின் உச்சம். பீலியஸைப் படம் முன்னரே இறக்கச் செய்ததால், பிரியாமின் முகத்தில் தன் தந்தையைக் காணும் வாய்ப்பு அக்கிலீஸுக்கு இல்லை. அவன் ஹெக்டரின் உடலருகே அழுகிறான். உடன்பிறப்பே என விளிக்கிறான். அவ்வழுகை வீரன் வீரனுக்குச் செய்யும் மரியாதை. இலியட்டில் உள்ளதோ, தான் செய்ததை அறிந்தவனின் அழுகை.

சுமை எங்குச் சென்றது?

இரு வீரரிடமிருந்தும் இறங்கிய சுமை அகமெம்னானின் பேராசையிலும் பிரியாமின் சமயப்பற்றிலும் சேர்கிறது. ஈராக் போர் தொடங்கிய மறு ஆண்டில் வெளிவந்த படத்தில், பொய்க்காரணம் காட்டிப் படையெடுக்கும் அரசன் பார்வையாளருக்குப் புரியாதவனாக இருந்திருக்க இயலாது. அந்த அரசனுக்குப் பிரைசீஸின் கத்தியால் தண்டனையும் கிடைக்கிறது. பழைய மரபில் மதிலிலிருந்து எறிந்து கொல்லப்படும் ஹெக்டரின் மகனோ, படத்தில் தாயோடு சுரங்கவழியே தப்புகிறான். தீயவன் ஒறுக்கப்படுதலும் மாசற்றவன் பிழைத்தலும் கேட்பவருக்கு ஆறுதல் தருவன. இலியட் அத்தகைய ஆறுதலைத் தருவதில்லை. ஆண்ட்ரோமாக்கி தன் மகனுக்கு நேரவிருக்கும் முடிவை ஹெக்டரின் உடலருகிலேயே முன்னுணர்ந்து புலம்புகிறாள்.

முடிவுரை

‘டிராய்’ படம் கடவுளரை நீக்கியது பழைய மரபொன்றின் தொடர்ச்சியே. அதனைப் பிழை எனல் பொருந்தாது. துசிடிடிஸும் கடவுளரின்றிப் போரை விளக்கினார். ஆனால் அவர் யாரையும் குற்றமற்றவராக்க முயலவில்லை. படமோ தன் நாயகர் இருவரையும் தூயவராக்க அந்நீக்கத்தைப் பயன்படுத்திக்கொண்டது. கடவுளர் நிறைந்த காப்பியத்தில் மனிதர் தம் பிழையை ஏற்கின்றனர். கடவுளர் அற்ற படத்தில் அவர்களுக்கு ஏற்கப் பிழையே இல்லை.

எனவே, இப்படத்தை வகுப்பறையில் திரையிடும் ஆசிரியர், விடுபட்டவற்றைப் பட்டியலிடச் சொல்வதோடு நிறுத்தாமல், மேற்கூறிய காட்சிகளைப் பன்னிரண்டு, பதினாறு, இருபத்து நான்காம் காண்டங்களோடு அடுத்தடுத்து வைத்துப் படிக்கச் செய்யலாம். ஒவ்வொரு சாவுக்கும் யார் பொறுப்பேற்கிறார் என்ற ஒரே வினாவை இரண்டிடமும் கேட்டால் போதும். பிரியாமைக் கண்டு அக்கிலீஸ் யாருக்காக அழுதான் என்பதை அம்மாணவர் இலியட்டில் தாமே தேடிக் கண்டடைவர்.