0001 என்னும் தகடு: ஃபெண்டர் கிட்டார்களின் வரிசை எண் எதற்குச் சான்று?

2019 ஜூன் 20 அன்று நியூயார்க்கில் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோரின் கிட்டார்களை கிறிஸ்டீஸ் நிறுவனம் ஏலத்தில் விட்டது. அவற்றுள் 1954ஆம் ஆண்டின் வெள்ளை ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்று 18,15,000 டாலருக்கு விலைபோயிற்று. அதன் உடலின் பின்புறத்தில், கழுத்தையும் உடலையும் நான்கு திருகுகளால் பிணைக்கும் உலோகத் தகட்டில் 0001 என்ற எண் பொறிக்கப்பட்டிருக்கிறது. பழைய ஃபெண்டர் கிட்டார்களின் காலத்தைக் கணிக்க வரிசை எண்ணையே முதற்சான்றாகக் கொள்ளும் மரபு சுமார் அரை நூற்றாண்டாக வேரூன்றியிருக்கிறது. அந்த மரபு அடித்தளத்திலேயே பிழையானது என்பது என் கருத்து. அதை நிறுவ இந்த ஒரு தகடே போதும் என்றும் கருதுகிறேன்.

இந்தக் கிட்டாரின் கழுத்தில் உள்ள தேதி 1954 ஜூன். உடலில் உள்ள தேதி அதே ஆண்டு செப்டம்பர். இவற்றுக்கு முந்தைய மாதங்களின் தேதியைத் தாங்கிய ஸ்ட்ராட்டோகாஸ்டர்கள் இன்றும் உள்ளன. ஆகவே 0001 முதலில் செய்யப்பட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஆகாது. இதுவரை யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. நான் முரண்படுவது இதற்கு அடுத்த படியில். முன்னைய ஆய்வு மரபு இதை ஒரு விதிவிலக்காக ஒதுக்கிவிட்டு, 'இன்ன எண் முதல் இன்ன எண் வரை இன்ன ஆண்டு' என்னும் அட்டவணைக்குத் திரும்பிவிடுகிறது. வரிசையின் முதல் எண்ணே வரிசையில் நிற்கவில்லை என்றால், மற்ற எண்கள் நிற்கின்றன என்பதற்கு என்ன உறுதி? கேட்டிருக்க வேண்டிய இந்தக் கேள்வி கேட்கப்படவில்லை.

தகட்டை மூன்று விதமாகப் பொருள்கொள்ள இடமிருக்கிறது. முதலாவது, எண்கள் பொறித்த தகடுகள் ஒரு பெட்டியில் குவிந்து கிடந்தன, கைக்கு அகப்பட்டதை எடுத்துப் பூட்டினார்கள், 0001 அடியில் கிடந்து செப்டம்பரில்தான் மேலே வந்தது என்பது. ஃபெண்டரின் ஃபுல்லர்டன் பட்டறையில் தகடுகள் எண் வரிசைப்படி பயன்படுத்தப்படவில்லை என்பதை இத்துறையில் அனைவரும் ஏற்பதால், இந்த விளக்கத்தைத் தள்ளிவிட முடியாது. இரண்டாவது, அந்த எண் வேண்டுமென்றே எடுத்து வைக்கப்பட்டு ஒரு சிறப்புக் கிட்டாருக்கு வழங்கப்பட்டது என்பது. மூன்றாவது, தகடு பிற்காலத்தில் வேறொரு கிட்டாரிலிருந்து மாற்றப்பட்டது என்பது.

நான் இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன். அந்த ஆண்டின் வழக்கமான ஸ்ட்ராட்டோகாஸ்டர் இருநிற சன்பர்ஸ்ட் பூச்சும், வெள்ளை பிளாஸ்டிக் பிக்கார்டும், நிக்கல் குரோமிய உலோகப் பாகங்களும் கொண்டது. 0001இலோ உடல் வெள்ளை, உலோகப் பாகங்கள் தங்க முலாம், பிக்கார்டு பொன்னிறமாக்கிய அலுமினியம். இத்தனை தனித்தன்மையும் அந்த எண்ணும் ஒரே கிட்டாரில் தற்செயலாகக் கூடின என்பதை நம்புவது எனக்குக் கடினம். எனினும் இதை நிறுவிவிட்டதாகச் சொல்லவில்லை. அலங்காரத்தைக் கொண்டு நோக்கத்தை ஊகிப்பதில் உள்ள இடரை அறிவேன். மூன்றாவது விளக்கம் எனக்கு உவப்பானதன்று, ஆனால் அதை மறுக்கும் சான்று தகட்டில் இல்லை. கில்மோர் இதை வாங்கியது 1978இல். அப்போது கிட்டாருக்கு வயது 24. நான்கு திருகுகளைக் கழற்றிப் பூட்டச் சில நிமிடங்கள் போதும். கவனிக்க வேண்டியது இதுதான்: மூன்றில் எதை ஏற்றாலும் அந்த எண்ணுக்கும் உற்பத்தி வரிசைக்கும் தொடர்பு இல்லை.

1976 வரை ஃபெண்டர் எண்கள் இடம்பெற்றவை கழற்றக்கூடிய பாகங்களே. டெலிகாஸ்டரின் தொடக்கக் காலத்தில் பாலத்தின் உலோகத் தகடு. 1954இன் சில ஸ்ட்ராட்டோகாஸ்டர்களில் சுருள்வில் குழியை மூடும் பின்புற பிளாஸ்டிக். பிறகு கழுத்துத் தகடு. ஐம்பதுகளின் பிற்பகுதியில் எண்ணுக்கு முன்னால் சிறுகோடோ பூச்சியமோ சேர்ந்து வரும் தகடுகள் உண்டு. இருபக்கமும் எண் பொறித்தவையும் உண்டு. ஓலைச்சுவடியில் ஏட்டின் இறுதியில் எழுதியவர் இட்ட குறிப்பு ஒரு வகைச் சான்று. சுவடியைக் கட்டிய மரச்சட்டத்தில் உள்ள கீறல் வேறு வகைச் சான்று. கழுத்தின் அடியில் உள்ள பென்சில் தேதி முன்னதைப் போன்றது, தகடு பின்னதைப் போன்றது.

இனி அட்டவணைக்கு வருவோம். அந்த அட்டவணைகள் எப்படிப் பிறந்தன? எண்ணையும் நாளையும் இணைத்துக் காட்டும் தொழிற்சாலைப் பேரேடு எதிலிருந்தும் அவை எடுக்கப்படவில்லை. கிட்டார்களைக் கழற்றி, கழுத்தின் தேதியையும் தகட்டின் எண்ணையும் இணையாகக் குறித்து, அந்தக் குறிப்புகளைத் தொகுத்து உருவாக்கியவை அவை. அதாவது எண்ணுக்கு இன்று இருக்கும் அதிகாரம் பென்சில் தேதியிடமிருந்து கடன் வாங்கியது. பிறகு ஒரு கிட்டார் விற்பனைக்கு வரும்போது, 'கழுத்து 1956 என்கிறது, எண்ணும் 1956ஐ உறுதிப்படுத்துகிறது' என்று எழுதுகிறார்கள். எண் எதையும் உறுதிப்படுத்தவில்லை. கழுத்துகள் சொன்னதைக் கழுத்துக்கே திருப்பிச் சொல்கிறது. அந்தக் கிட்டாரே அட்டவணைக்கான தொகுப்பில் முன்பு இடம்பெற்றிருந்தால் வட்டம் முழுமையாக மூடிக்கொள்கிறது. இரண்டு சான்றுகள் என்று எண்ணப்படுவது உண்மையில் ஒரே சான்று, இருமுறை எண்ணப்பட்டது.

'ஓரிரு ஆண்டு முன்பின் இருக்கலாம்' என்ற எச்சரிக்கை அட்டவணைகளோடு எப்போதும் அச்சாகிறது. இது எனக்கு நிறைவளிக்கவில்லை. ஒரே எண் வீச்சில் இரண்டு மூன்று ஆண்டுகளின் கழுத்துகள் கலந்து வருவது அளவீட்டுப் பிழை அன்று. தகடுகள் கையாளப்பட்ட முறையின் நேரடித் தடயம் அது. தடயத்தைப் பிழை என்று பெயரிட்டு மூடிவிட்டார்கள். நடைமுறையில் அட்டவணை பயன்படுகிறதே என்பார்கள் வணிகர்கள். பயன்படுவதும் மெய்யாக இருப்பதும் வேறு வேறு.

கிப்சனை எடுத்துக்காட்டி மறுப்போர் உண்டு. 1959இன் லெஸ் பால் கிட்டாரில் தலைப்பகுதியின் பின்புறம் மையால் குத்திய எண் 9இல் தொடங்கும். அந்த இலக்கமே ஆண்டைக் குறிக்கும். அங்கே எண் கழுத்தின் மரத்திலேயே இருக்கிறது, கழுத்தும் உடலோடு ஒட்டப்பட்டிருக்கிறது. அது வேறு ஏற்பாடு. அந்த நிறுவனமும் அறுபதுகளில் இட்ட எண்களை எழுபதுகளில் மீண்டும் இட்டது. மேலே செல்வோம்.

காலம் கணிக்கப் பாகங்களே உதவுகின்றன, அதுவும் ஒருபக்க வரம்பாக மட்டும். பொட்டென்ஷியோமீட்டரின் முதுகில் 304 6320 என்றிருந்தால், ஸ்டாக்போல் நிறுவனம் 1963இன் 20ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். கிட்டார் அதற்கு முன் முடிந்திருக்க முடியாது. பின் எல்லையை அது சொல்லாது. 1966இல் ஃபெண்டர் பெருமளவில் வாங்கிய சிடிஎஸ் நிறுவனத்துப் பொட்டென்ஷியோமீட்டர்கள் தசாப்தத்தின் இறுதி வரை பயன்பட்டதே இதற்கு உதாரணம்.

அப்படியானால் வரிசை எண் வீணா? இல்லை. அதன் களம் காலக்கணிப்பு அன்று, அடையாளம் காணல். ஜான் லெனனின் கிப்சன் ஜே-160இ கிட்டார் 1963 டிசம்பரில் காணாமற்போய், பல பத்தாண்டுகள் கழித்துக் கலிபோர்னியாவில் அடையாளம் காணப்பட்டு, 2015இல் 24 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. அதில் 73157 என்ற எண்ணுக்கு எடை இருந்ததன் காரணம், 1962இல் லிவர்பூலில் வாங்கியபோதே அந்த எண் காகிதத்தில் பதிவாகியிருந்தது. கிட்டாருக்கு வெளியே, திருட்டுக்கு முன்னால், வேறொருவர் எழுதி வைத்த பதிவு. அத்தகைய பதிவு இல்லாத இடத்தில் எண் ஊமை. இசைக்கலைஞர் ராண்டி பாக்மன் 1976இல் டொராண்டோவில் பறிகொடுத்த 1957ஆம் ஆண்டு கிரெட்ச் கிட்டார் ஜப்பானில் இருப்பது 2020இல் கண்டறியப்பட்டது. அதைக் காட்டிக்கொடுத்தது பழைய படங்களில் தெரிந்த மரக்கணு. திருப்புளியால் மரக்கணுவைக் கழற்ற இயலாது.

0001ஐப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவே: 1954 ஜூன் தேதியிட்ட கழுத்தும் செப்டம்பர் தேதியிட்ட உடலும் கொண்ட இந்தக் கிட்டார், செப்டம்பருக்கு முன் முழுமை பெற்றிருக்க முடியாது. ஏலப் பட்டியலும் அருங்காட்சியக அட்டையும் தயாரிப்போரிடம் என் வேண்டுகோள் ஒன்று. கழுத்தின் தேதி, உடலின் தேதி, பொட்டென்ஷியோமீட்டரின் குறியீடு, தகட்டின் எண் ஆகிய நான்கையும் தனித்தனி வரிகளில் பதியுங்கள். எண்ணின் வரியில் ஆண்டு எதையும் எழுதாதீர்கள்.