தெருவெழுத்தும் ஒரு கமராவும்

எழுத்து என்றதும் ஏட்டையும் கல்வெட்டையுமே நினைக்கிறோம். கடை வாசலில் தொங்கும் பெயர்ப்பலகையை யாரும் எழுத்தாக எண்ணுவதில்லை. மழையில் ஊறி, வெயிலில் வெளிறி, ஒருநாள் அது காணாமற் போய்விடும். அற்ப ஆயுள் கொண்ட அவ்வெழுத்தையும் வரலாற்றுச் சான்றாகக் கண்டவர் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் வோக்கர் எவான்ஸ்.

1903இல் பிறந்த எவான்ஸ், எழுத்தாளராகும் ஆசையுடன் 1926இல் பாரிஸ் சென்றார். எழுத்து கைகூடவில்லை. மறு ஆண்டே நியூயோர்க் திரும்பி, சிறிது காலத்தில் கமராவைக் கையில் எடுத்தார். தாம் எழுத விரும்பியதைத் தெரு ஏற்கெனவே எழுதி வைத்திருந்ததை அதன் வழியே கண்டார் எனலாம்.

1930ஐ ஒட்டி அவர் எடுத்த படமொன்றில், பெரிய பெயர்ப்பலகையொன்றை லொறியில் ஏற்றுகிறார்கள். அதிலுள்ள ஒரே சொல்லின் பொருள், 'சேதமடைந்தது' என்பதாகும். பொருளாதார வீழ்ச்சியிற் சிக்கிய நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு வேறுண்டோ?

பின்னர் அரச நிறுவனமொன்றின் பணியில் தென் மாநிலங்களில் அலைந்தார். 1936இல் அலபாமாவில் கிழிந்த சுவரொட்டியொன்றைப் படமெடுத்தார். கறுப்பின மக்களைக் கேலியுருவாக்கிய மேடைநிகழ்ச்சி விளம்பரம் அது. தாள் உரிந்து செங்கல் தெரிகிறது. ஆனால் இகழ்ச்சி இன்னும் சுவரைவிட்டு அகலவில்லை. அன்று ஊரார் கூசாமல் பார்த்துச் சென்ற காட்சி, இன்று அச்சமூகத்தின் மீதான சாட்சியமாக நிற்கிறது.

1938இல் நியூயோர்க் நவீன கலை நூதனசாலை அவரது படங்களைக் காட்சிக்கு வைத்து, 'அமெரிக்கப் புகைப்படங்கள்' என்ற நூலையும் வெளியிட்டது. நூலில் படத்தருகே விளக்கம் கிடையாது. தலைப்புகள் பகுதிகளின் இறுதியிலேயே உள்ளன. படத்துக்குள் இருக்கும் எழுத்தே முதலில் பேசுகிறது.

முதுமையில் எவான்ஸ் பலகைகளையே கழற்றிச் சேகரித்தார். 1971இல் யேல் பல்கலைக்கழகக் காட்சியில் அவற்றையும் தம் படங்களுடன் வைத்தார். 1973 முதல் போலரொயிட் கமராவால் தெருவெழுத்துக்களைத் தனித்தனியே படம்பிடித்தார். 1975இல் காலமானார்.

கழற்றிய பலகை அழகிய பொருளாகலாம். ஆனால் அதைத் தாங்கிய சுவரும், அதன் கீழ் நடந்த மனிதரும் அதனுடன் வருவதில்லை. புகைப்படமோ பலகையைத் தெருவோடு சேர்த்தே காக்கிறது. எவான்ஸின் கலை வரலாறாக மாறுவது இவ்விடத்திலேயே.