பிரைட்: ஒரு சொல்லின் சரித்திரம்

ஆறாம் நூற்றாண்டில் போப்பாண்டவர் முதலாம் கிரகோரியார் சகல பாவங்களுக்கும் மூலமென்று லத்தீனில் கண்டித்த அகங்காரத்தைக் குறிக்க ஆங்கிலேயர் கைக்கொண்ட ‘பிரைட்’ என்னும் சொல், வீரனைச் சுட்டிய பழைய பிரெஞ்சுச் சொல்லொன்றிலிருந்து பிறந்தது. 1486இல் செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் அச்சான நூலொன்று, வேட்டைக்குரிய மரபுச் சொற்களோடு கூட்டப் பெயர்களையும் வரிசைப்படுத்துகையில், சிங்கக் கூட்டத்துக்கு இப்பெயரைச் சூட்டிற்று. கன்னியாஸ்திரீகளின் கூட்டத்துக்கு ‘தேவைக்கு மிஞ்சியது’ என்னும் பொருளில் பெயரிட்டிருப்பதைக் காண்போர், தொகுத்தவர் பரிகாசப் பிரியர் என்பதை எளிதில் உணர்வர். எனினும் சிங்கக் கூட்டத்தின் பெயர் விலங்கியல் நூல்கள்வரை நிலைபெற்றுவிட்டது.

1969 ஜூனில் நியூயார்க்கின் ஸ்டோன்வால் மதுச்சாலையில் போலீஸார் நடத்திய சோதனையை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்த தன்பாலின ஈர்ப்பாளர்கள், மறு வருஷம் ஜூன் 28ஆம் தேதி பகிரங்கமாக ஊர்வலம் சென்றார்கள். சமூகம் தங்கள்மீது சுமத்திய அவமானத்துக்கு மறுமொழியாக அவர்கள் உயர்த்திய ‘பிரைட்’ என்னும் இதே சொல், நாளடைவில் அவ்வூர்வலங்களுக்கே பெயராகி, 2009இல் சென்னைக்கும் வந்து சேர்ந்தது. வலியவன் செருக்குவது குற்றமே. ஆனால் தாழ்த்தப்பட்டவன் தலைநிமிர்வதைச் செருக்கென்று பழிப்பது அதனினும் பெரிய குற்றம்.