கல்லாற்று வாசல்

பவானிசாகர் அணையில் நீர்மட்டம் வெகுவாகக் கீழிறங்கிவிடும் வறட்சி ஆண்டுகளில், தேக்கத்தின் நடுவே பழைய மாதவராயப் பெருமாள் கோயிலின் கற்சுவர்கள் சேறு பூசிய மேனியோடு மெல்ல வெளிப்படுவதுண்டு. 1955-இல் அணை கட்டி முடிந்தபோது நீருக்கடியில் மறைந்துபோன டணாய்க்கன்கோட்டையின் எச்சம் அது. கோடை விடுமுறையில் உதகைக்குப் புறப்படும் குடும்பங்களில் எத்தனை பேருக்கு அவ்வூரின் பெயர் தெரியும் என்று சொல்ல முடியாது. ஆயினும் 1812-இல், அப்போது கோயம்புத்தூர் ஜில்லாவின் கலெக்டராக இருந்த காரோ அனுப்பிவைத்த கீஸ், மக்மகன் என்ற இரு நில அளவையாளர்கள் நீலகிரியின் மேல் ஏறியது அக்கோட்டைப் பக்கத்திலிருந்துதான். இன்று லட்சோப லட்சம் பேர் சென்று குவியும் அந்தக் குளிர்ந்த பீடபூமிக்கு வெளியுலகம் கண்டுகொண்ட வாசல்களுள் முந்திய ஒன்று கொங்கு நாட்டுச் சமவெளியில் இருந்து, பின்பு தண்ணீருக்குள் போய்விட்டது.

சுற்றுலாத் தலங்களின் போட்டித்திறன், தல மேலாண்மை, தாங்குதிறன் என்றெல்லாம் இக்காலத்தில் பல்கலைக்கழகங்களில் விஸ்தாரமான ஆராய்ச்சிகள் நடைபெறுகின்றன, அவை அவசியமானவையே. ஆனால் அவற்றில் பலவும் மலையின் உச்சியில், ஏரிக்கரையிலும் பூங்கா வாயிலிலும் விடுதி முகப்பிலும் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன. ஒரு மலைத்தலத்தின் சரித்திரத்தை அதன் அடிவாரத்திலிருந்து படிக்கவேண்டும் என்பதே என் அபிப்பிராயம். எத்தனை பேர் வருவது, எவ்வளவு வேகத்தில் வருவது என்ற கேள்விகளுக்கு மேலே இருப்பவர்கள் விடை தேடத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே, ஏறும் வழி விடை சொல்லிக்கொண்டிருந்தது.

1818-இல் கலெக்டர் ஜான் சல்லிவனின் உதவியாளர்களான விஷ், கிண்டர்ஸ்லி இருவரும் மலைமேல் போய்த் திரும்பி, அங்குள்ள சீதோஷ்ணத்தை வியந்து கூறியதைக் கேட்டு, மறு ஆண்டில் சல்லிவனே புறப்பட்டுச் சென்றார். கோத்தகிரிக்கு அருகே திம்பட்டியில் அவர் வீடு கட்டினார். பிறகு உதகையில், தோடர்களின் மேய்ச்சல் நிலமாக இருந்த இடத்தில், இன்றும் ஊரார் கல் பங்களா என்று அழைக்கும் மாளிகையை எழுப்பினார். அந்நிலத்தை அவர் மிகச் சொற்ப விலைக்கு வாங்கினார் என்பதையும், பின்னாளில் அதே தோடர்களின் நிலவுரிமைக்காக மேலதிகாரிகளோடு வாதாடியவரும் அவரே என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் சரித்திரம் பாதியாகிவிடும். சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்கு மெக்பர்சன் என்ற இராணுவ அதிகாரியின் மேற்பார்வையில் 1823 வாக்கில் பாதை முடிந்தது. 1826-இல் கவர்னர் தாமஸ் மன்றோவே உதகை வந்து சேர்ந்தார். 1868 வரையில், இடையே மேற்குப் பகுதி சிறிது காலம் மலபாரோடு சேர்க்கப்பட்டிருந்தது நீங்கலாக, மலை முழுவதும் கோயம்புத்தூர் ஜில்லாவின் அங்கமாகவே இருந்தது. ஆகவே அத்தலத்தை உண்டாக்கிய முதல் நிர்வாகம் கோவையிலிருந்துதான் இயங்கிற்று.

அக்காலத்துப் பிரயாணம் இலகுவானதன்று. மலையடிவாரத்தில் கல்லாற்றைச் சூழ்ந்த காடு காய்ச்சலுக்குப் பேர்போனது. அங்கே இராத்தங்குவதற்கு அஞ்சி, வெயில் தாழுமுன் அதைக் கடந்துவிட வேண்டுமென்று விரைந்தவர்களே அதிகம். 1834-இல் கவர்னர் ஜெனரல் பெண்டிங்கைக் காண்பதற்காக மெக்காலே உதகைக்கு வந்தது மனிதர்கள் தோள்மீது சுமந்த பல்லக்கில். 1870 முதல் சென்னை அரசாங்கமே ஆண்டுதோறும் கோடையில் மலைமேல் குடியேறத் தொடங்கியதும், அதன் கோப்புகளும் குமாஸ்தாக்களும் சாமான்களும் மாட்டுவண்டிகளில் அடிவாரத்தைக் கடந்தன. 1873-இல் கோவையிலிருந்து இருப்புப்பாதை மேட்டுப்பாளையத்தை எட்டிய பின், இரயிலை விட்டு இறங்கி டோங்கா ஏறும் இடமாக அவ்வூர் ஆயிற்று. எருதும் குதிரையும் எவ்வளவு இழுக்குமோ அவ்வளவே மேலே போயிற்று.

மலை இரயிலைப் பற்றிச் சற்று நின்று பேச எனக்கு விருப்பம். 1854-லேயே எழுந்த யோசனை, 1891-இல் வேலையாகத் தொடங்கி, 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் உதகை வரையிலும் நிறைவெய்திற்று. மேட்டுப்பாளையத்தில், கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் புறப்படும் பாதை, 46 கிலோமீட்டரில் 2,203 மீட்டரை அடைகிறது. சென்னையிலிருந்து இரவெல்லாம் ஓடிவந்த நீலகிரி எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் நிற்க, தூக்கம் கலையாத குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஜனங்கள் அடுத்த நடைமேடைக்கு விரைகிறார்கள். அங்கே நீலமும் வெண்மஞ்சளும் பூசிய சிறு பெட்டிகளின் பின்னால், அவற்றை இழுப்பதற்கன்றித் தள்ளுவதற்காக, நீராவி இன்ஜின் மூச்சுவிட்டுக்கொண்டு காத்திருக்கிறது. கல்லாறு நிலையத்தைத் தாண்டியதும் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே இரட்டைப் பல்சட்டம் தொடங்குகிறது. ஒரு சட்டத்தின் பல் மற்றதன் இடைவெளிக்கு நேராக அமைந்திருப்பதால் இன்ஜினின் பற்சக்கரம் எக்கணத்திலும் பிடிப்பை இழப்பதில்லை. பற்கள் கவ்வும் அந்த நொடியில் பெட்டி ஒரு முறை குலுங்கி, ஓட்டம் நடையாகிவிடும். பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி உயரும் அச்சரிவில், ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் ஒரு பிரேக்காளர் கைப்பிடியைப் பற்றியபடி நிற்கிறார். இடையில் இன்ஜின் தண்ணீர் குடிக்க நிற்கும் ஹில்குரோவில் பிரயாணிகள் தேநீர் குடிக்கிறார்கள். குரங்குகள் தின்பண்டத்துக்குக் காத்திருக்கின்றன. உதகை சேர ஐந்து மணி நேரம் ஆகிறது. 2005-இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது எந்தத் தலமும் பெருமைப்படத்தக்க கீர்த்திதான். எனக்கோ அதனினும் பெரிதாகத் தோன்றுவது, இத்தனை பேருக்குமேல் ஏற்றமாட்டேன், இதைவிட விரைந்து போகமாட்டேன் என்று அந்தப் பல்சட்டம் நூறாண்டுக்கும் மேலாகக் காத்துவரும் நிதானமே.

சாலைக்கு அந்த நிதானம் இல்லாமற் போயிற்று. மோட்டார் வாகனம் பெருகப் பெருக, காலையில் கோவையை விட்டு மாலைக்குள் உதகையைப் பார்த்துத் திரும்பிவிடலாம் என்றாயிற்று. தலங்கள் கண்டுபிடிப்பில் தொடங்கி, வளர்ந்து, நிலைபெற்று, பின் தேக்கமடையும் என்று 1980-இல் ரிச்சர்டு பட்லர் வகுத்துச் சொன்ன வாழ்க்கைச் சுழலை மாணவர்கள் இன்றும் பாடமாகப் படிக்கிறார்கள். அதன் தேக்கப் பருவத்தைக் காண விரும்புவோர் மே மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில் குன்னூர்ச் சாலையில் ஏறிப்பார்த்தால் போதும். பருவகாலத்தில் ஏறுவோர் குன்னூர் வழியாகவும் இறங்குவோர் கோத்தகிரி வழியாகவும் செல்லும்படி ஒருவழிப்பாதை வகுத்தும் நெரிசல் தீரவில்லை. நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 வாகனங்கள் மலைக்குள் நுழைவதாக உயர்நீதிமன்றத்தின் முன் கணக்கு வைக்கப்பட்டது. அதன் உத்தரவின்பேரில் 2024 மே 7 முதல் மலையேறும் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. மலையின் தாங்குதிறனை ஆராயும் பொறுப்பில் சென்னை ஐ.ஐ.டி.யும் பெங்களூரு ஐ.ஐ.எம்.மும் ஈடுபட்டன, 2025 கோடையில் வாரநாட்களுக்கு 6,000, வார இறுதிக்கு 8,000 வாகனங்கள் என்று வரம்பு விதிக்கப்பட்டது.

இவ்வரம்பினால் வியாபாரம் குன்றுமென்று உதகையின் விடுதிக்காரர்கள் வருந்துவதில் நியாயம் உண்டு. எனினும் இவ்வழக்கில் இன்னும் போதிய அளவு கேட்கப்படாத குரல் ஒன்று இருக்கிறது. அது அடிவாரத்தின் குரல். நீலகிரியில் விளையும் உருளைக்கிழங்கும் கேரட்டும் மேட்டுப்பாளையத்து மண்டிகளில்தான் ஏலத்துக்கு வருகின்றன. அவற்றை ஏற்றிவரும் லாரியும், உயர் சிகிச்சைக்காகக் கோவைக்கு நோயாளியைக் கொண்டுவரும் ஆம்புலன்சும், மேலேயிருந்து வேலைக்கும் படிப்புக்கும் இறங்குவோரின் பேருந்தும் இதே மலைச்சாலைகளை நம்பியிருக்கின்றன. 2009 நவம்பர் மழையில் சரிவுகள் பெயர்ந்து விழுந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, சாலை அறுந்தால் மலை எவ்வளவு தனித்துப்போகும் என்பதை இரு பக்கத்தாரும் கண்டார்கள். தாங்குதிறனை அளக்கப் புகுவோர் விடுதி அறைகளோடும் குடிநீர்க் குழாய்களோடும் நின்றுவிடாமல், இந்தச் சாலை ஒரு மணி நேரத்தில் எத்தனை காய்கறி லாரிகளுக்கு வழிவிடவேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டுமென்று நான் விரும்புகிறேன்.

கல்லாற்றுச் சோதனைச்சாவடியில் இப்போது காவலர்கள் ஒவ்வொரு வண்டியாக நிறுத்திக் கைபேசியில் வரும் சதுரக் குறியீட்டைச் சரிபார்க்கிறார்கள். பாஸ் எடுக்காமல் வந்தவர்கள் பாக்குத் தோப்பின் நிழலில் வண்டியை ஒதுக்கி, சிக்னல் கிடைக்கும் இடம் தேடிக் கைபேசியை உயர்த்தியபடி நடக்கிறார்கள். அருகிலேயே, மரங்களுக்கு அப்பால், பல்சட்டம் தொடங்குகிறது.