எந்திரத்தைக் கேள்வி கேட்ட சர்ஜன்

பனவடலிசத்திரம் பக்கம் காட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு மார்பில் கட்டி தட்டுப்பட்டால், "வலிக்கவா செய்யுது? பெறகு பாத்துக்கிடலாம்" என்பார்கள். புற்றுக்கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது, வினையே அங்குதான். மாமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினால் ஒருநாள் கூலி போச்சு. எந்திரம் இல்லாமல் நோயை முன்கூட்டியே பிடிக்க முடியாதா?

முடியும் என்று வாதாடியவர் மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் மார்பகப் புற்றுநோய் சர்ஜன் இந்திரநீல் மித்ரா. கனடாவில் 1980-ல் தொடங்கிய ஆய்வில் 50 முதல் 59 வயதுப் பெண்கள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவுக்குக் கைப்பரிசோதனை மட்டும். மற்றதற்கு மாமோகிராமும் சேர்த்து. இறப்பில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. இதைச் சுட்டிக்காட்டி, கையே போதும் என்று 1994-ல் 'லான்செட்' இதழில் எழுதினார் மித்ரா.

எழுதியதோடு விடவில்லை. 1998-ல் மும்பைக் குடிசைப் பகுதிகளில், 35 முதல் 64 வயதுவரையிலான 1,51,538 பெண்களை வைத்து ஆய்வு தொடங்கியது. பாதிப் பேருக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறையாக நான்கு சுற்றுப் பரிசோதனை. செய்தவர்கள் டாக்டர்கள் அல்ல; பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள். நடுவிரல்களின் சதைப்பகுதியால் மெல்ல வட்டமிட்டு, முதலில் லேசாக, பிறகு அழுத்தி, அக்குள்வரை தடவிப் பார்ப்பதே முறை.

இருபதாண்டுக் கணக்கு 2021-ல் 'பிஎம்ஜே' இதழில் வெளிவந்தது. பரிசோதித்த பிரிவில் முற்றிய நிலையில் தெரியவந்த புற்று 37 சதவீதம், மற்றதில் 47. எல்லா வயதையும் சேர்த்து மார்பகப் புற்றால் நேர்ந்த இறப்பு 15 சதவீதம் குறைந்தாலும், அது தற்செயல் அல்ல என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. 50 வயதுக்குக் கீழே தெளிவான பலன் இல்லை.

மத்திய அரசு 2016-ல் வகுத்த நடைமுறையிலும் கைப்பரிசோதனைதான் இருக்கிறது: 30 முதல் 65 வயதுவரை, ஐந்தாண்டுக்கு ஒருமுறை. மும்பையில் பலன் தந்ததோ இரண்டாண்டு இடைவெளி. கையை ஏற்றுக்கொண்டோம், அந்தக் கை எத்தனை நாளுக்கு ஒருமுறை வரவேண்டும் என்பதில்தான் கஞ்சத்தனம்.