மலைநீரும் மின்சாரமும்

ஆண்டுக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் வட்டவளை, நீர்வளம் மிக்க மலைநாட்டின் ஓர் ஊர். அம்மலைநாட்டு நீரினின்று மின்சாரம் பெறலாமென்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இல் எடுத்துரைத்தார். 1950இல் லக்சபான நிலையம் இயங்கலாயிற்று. அணை கட்டுமுன் அதன் விளைவை ஆராய்க என்று பணிக்கும் சட்டம் அன்று இல்லை. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988இல் வந்த திருத்தமே, குறித்த திட்டங்களுக்குச் சுற்றாடல் மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது.

மேல் கொத்மலைத் திட்டத்தால் சென்கிளேயர் அருவி வற்றுமெனப் பலர் எதிர்த்தனர். 2012இல் அந்த 150 மெகாவாட் நிலையம் திறக்கப்பட்டபோது, பகலில் அருவிக்கு நீர்விடும் ஏற்பாடும் உடன் வந்தது.

ஆயினும் 1993ஆம் ஆண்டு வர்த்தமானி, திறனை அளவுகோலாகக் கொண்டு, 50 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நீர்மின் நிலையங்களையே பட்டியலிட்டது. சிற்றோடைக்கு மெகாவாட் கணக்குத் தெரியாது. நிலையம் சிறிதெனினும், ஓடையின் கதி யாதென்ற கேள்வி முன்னரே கேட்கப்படல் வேண்டும்.